ஒஷாவாவிலிருந்து எடுத்த பவுண்டறி அண்ணை

பவுண்டறி அண்ணையைப் போல ஒரு விளையாட்டு ரீமையே வெட்கப்பட வைத்த மனிதர் கனடாவில் பிறக்கவும் இல்லை, வந்து இறங்கவும் இல்லை. ஒரு கோடைகாலம் முழுக்க, ஞாயிற்றுக்கிழமை தவறாமல், நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். யாரையும் நோக முடியாது. அவரை எடுத்ததே நான்தான்.

எங்களுடையது வெக்ஸ்போர்ட்டில் ஒரு சொஃப்ட்போல் ரீம். பேஸ்போலின் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். பந்து கொஞ்சம் பெரிது, ஆடுகிறவர்களின் வயிறும் கொஞ்சம் பெரிது. ஒஷாவா, பிறம்ரன் என்று ஊருக்கொரு தமிழ் ரீம் இருக்கிறது. ஞாயிறு காலை ஆட்டம், பிறகு கொத்துரொட்டி. நான்தான் கப்டன். நன்றாக ஆடுவதால் அல்ல, என்னிடம் வான் இருப்பதால்.

எங்கள் ரீமின் உயிர் சுரேன். பந்து எறிவதும் அவன், அடிப்பதும் அவன். அவன் ஒஷாவாவில் வீடு வாங்கிக்கொண்டு போய்விட்டான். சீசன் நடுவில் ஒருவர் ரீம் மாறுவதென்றால் இரண்டு கப்டன்மாரும் ஆளுக்கு ஆள் மாற்றிக்கொள்ள வேண்டும் என்பது எங்கள் சட்டம். ட்ரேட்! தொலைக்காட்சியில் பெரிய ரீம்கள் செய்வதைப் பார்த்துப் பார்த்து, எங்களுக்கும் ஒருநாள் வாய்க்காதா என்று ஏங்கியிருந்த சொல். ஒஷாவா கப்டன் மணியத்தை ஒரு கோப்பிக் கடையில் சந்தித்தேன்.

"சுரேனைத் தாங்கோ. பதிலுக்கு நல்ல அனுபவமான அவுட்ஃபீல்டர் ஒராளைத் தாறன்," என்றார் மணியம். மைதானத்தின் பின்கோடியில் நின்று, உயர வரும் பந்துகளைப் பிடிப்பவரைத்தான் அப்படிச் சொல்வார்கள்.

"என்ன வயசு?"

"அனுபவமான ஆள்."

"ஓடுவாரோ?"

"பந்து எங்கை விழும் எண்டு அவருக்கு முதலே தெரியும். ஓடத் தேவையில்லை."

கை குலுக்கினோம். எழும்பும்போது மணியம், "ரெண்டு புது மட்டையும் ஒரு ஐஸ்பெட்டியும் கிடக்கு. அதையும் சும்மா கொண்டு போங்கோ," என்றார். ஒரு ஆளைத் தருகிறவன் எதற்காக மேலதிகமாக மட்டை தருகிறான் என்று யோசிக்கிற மூளை எனக்கு அன்று இருக்கவில்லை. நன்றி சொல்லி வானில் ஏற்றினேன்.

அடுத்த ஞாயிறு நாங்கள் மைதானத்துக்குப் போனபோது, எங்களுக்கு முதலே ஒருவர் வந்து மடக்குக் கதிரையில் இருந்து, போத்தலில் கொண்டுவந்த தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். இரண்டு முழங்காலிலும் பட்டி. காதோரம் நரை இல்லை. நரையின் ஓரம்தான் காது இருந்தது. யாரோ ஒரு பொடியனின் தாத்தா ஆட்டம் பார்க்க வந்திருக்கிறார் என்று நினைத்து, "அங்கிள், கொஞ்சம் தள்ளி இருங்கோ, பந்து படும்," என்றான் ஆரன். ஆரன் எங்கள் ரீமின் கடைக்குட்டி, கனடாவில் பிறந்தவன்.

அவர் எழும்பி எனக்குக் கை தந்தார். "நீங்கள்தானே கப்டன்? நான்தான் ட்ரேட்."

யாழ்ப்பாணத்தில் கிரிக்கெட் ஆடி வளர்ந்தவர். நாடு மாறியது, ஆட்டம் மாறியது, அவர் மாறவில்லை. மைதானத்தின் எல்லையை அவர் பவுண்டறி என்றே சொல்வார்; பெயர் அப்படி வந்தது. கையுறை போட மாட்டார். "கை இருக்கேக்கை உறை என்னத்துக்கு?" என்பார். பந்தைப் பிடித்தால் எல்லோரையும் போல எறியாமல், நாலடி ஓடிவந்து கையைச் சுழற்றி, கிரிக்கெட்டில் போடுவதுபோல் போடுவார். பிடித்த கையோடு இரண்டு கையையும் விரித்து நடுவரைப் பார்த்து, "ஹவ்ஸ் தற்?" என்று அவுட் கேட்டு ஒரு கத்தல். எங்கள் நடுவர் மீசை வைத்த வயதான வெள்ளைக்காரர். முதல் தரம் தன்னிடம் யாரோ நலம் விசாரிக்கிறார்கள் என்று நினைத்து, "நல்லாயிருக்கிறேன், நன்றி," என்று பதில் சொன்னார்.

அடிக்க வந்தால் அதைவிட மோசம். இந்த ஆட்டத்தில் பந்தை அடித்ததும் மட்டையைப் போட்டுவிட்டு ஓடவேண்டும். பவுண்டறி அண்ணை மட்டையோடே ஓடுவார். ஓடிச் சேரவேண்டிய பேஸில் மட்டையைத் தேய்த்துவிட்டு நிமிர்ந்து பார்ப்பார். எதிர் ரீம்காரர்கள் கைத்தொலைபேசியை எடுத்துப் படம் பிடிப்பார்கள்.

"அங்கிள், ஜஸ்ட் ட்ரொப் இற்! ப்ளீஸ்!" என்று கெஞ்சுவான் ஆரன்.

"அடிச்ச மட்டையை நிலத்திலை எறிஞ்சுபோட்டு ஓடுறதோ? நல்ல மட்டை தம்பி இது. ஒஷாவாக்காரரும் இப்பிடித்தான் ரெண்டு வைச்சிருந்தவை," என்பார். நான் ஐஸ்பெட்டிக்குள் தலையை விட்டு எதையோ தேடுவேன்.

மைதானத்தில் பட்ட வெட்கம் போதாதென்று கடைத்தெருவிலும் வெட்கம். ஒரு சனிக்கிழமை லோறன்ஸ் வீதியில் மீன்கடை வரிசையில் நிற்கிறேன். முன்னால் பவுண்டறி அண்ணை, மீனுக்கென்றே ஒஷாவாவிலிருந்து வந்திருந்தார். என்னைக் கண்டதும் மீன் வெட்டுகிற பொடியனிடம், கடை முழுக்கக் கேட்க, "இவர்தான் என்ரை கப்டன். என்னை ஒஷாவாவிலை இருந்து எடுத்தவர்," என்றார்.

பொடியன் கத்தியை நிறுத்திவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தான். "என்ன விலைக்கு அண்ணை எடுத்தனீங்கள்?"

"விலை இல்லை, தம்பி. ஆளுக்கு ஆள்," என்று அவரே பெருமையோடு பதில் சொன்னார். வரிசையில் நின்ற அன்ரிமார் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் பாரைமீனின் கண்ணையே பார்த்துக்கொண்டு நின்றேன். அதுவும் என்னைத்தான் பார்த்தது.

சீசன் முடிவில் ஒஷாவாவோடு ஆட்டம் வந்தது. வென்றால் இறுதிப் போட்டி. ஆட்டம் அவர்களுடைய மைதானத்தில். பவுண்டறி அண்ணை மகனோடு இருந்த வீடு அந்த மைதானத்துக்குப் பின்தெருவில்தான். அப்படியிருந்தும் மனிதர் விடியக்காலையில் எழும்பி, ரயிலும் பஸ்ஸும் மாறி வெக்ஸ்போர்ட்டுக்கு வந்து, என் வானில் ஏறி மறுபடி ஒஷாவாவுக்கு வந்தார்.

"அண்ணை, வீட்டிலை இருந்து நடந்தே வந்திருக்கலாமே," என்றேன்.

"ரீமோடை வந்து இறங்குறதுதானே முறை, கப்டன்."

அன்று நாங்கள் எப்படி ஆடினோம் என்று எங்களுக்கே தெரியாது. கடைசி இன்னிங்ஸில் ஒரு ஓட்டம் முன்னுக்கு நின்றோம். இன்னும் ஒருவரை வீழ்த்தினால் ஆட்டம் முடிந்தது. ஆனால் ஒஷாவாவுக்கு இரண்டு பேர் பேஸில் நிற்கிறார்கள், அடிக்க வருகிறவன் சுரேன். அடித்தான். பந்து நேரே பவுண்டறி அண்ணையின் தலைக்கு மேலால் போனது.

மணியம் சொன்னது பொய். அவர் ஓடினார். பட்டி போட்ட இரண்டு முழங்காலோடும் பின்பக்கமாக ஓடி, பாய்ந்து, புல்லில் உருண்டார். எழும்பியபோது பந்து கையில் இருந்தது. நடுவர் கையை உயர்த்தி அவுட் கொடுத்தார். நாங்கள் ஒருவர்மேல் ஒருவர் ஏறி விழுந்தோம். ஆரன் என்னைக் கட்டிப்பிடித்துத் தூக்கினான்.

பின்கோடியிலிருந்து மட்டும் அந்த "ஹவ்ஸ் தற்?" வரவில்லை. பவுண்டறி அண்ணை நொண்டி நொண்டி நடந்து வந்தார். முழங்காலில் இரத்தம். நேரே நடுவரிடம் போய், தனக்குத் தெரிந்த இங்கிலீசில், பந்து கையிலிருந்து நழுவி நிலத்தில் பட்டது என்றார்.

ஆட்டம் முடிந்துவிட்டது, நான் கையைத் தூக்கிவிட்டேன், உன்னை யாரும் கேட்கவில்லையே என்றார் நடுவர்.

"நோ சேர். நோ கட்ச்," என்றார் இவர். பந்தைக் காட்டினார். புல் ஒட்டியிருந்த பக்கத்தைத் திருப்பிக் காட்டினார்.

நடுவர் மீசையைத் தடவி, எங்களை ஒருமுறை பரிதாபமாகப் பார்த்து, தீர்ப்பை மாற்றினார். பேஸில் நின்ற இருவரும் ஓடி முடித்திருந்தார்கள். நாங்கள் தோற்றோம்.

ஆரன் கையுறையைக் கழற்றி வேலிக்கு எறிந்தான். "அங்கிள், நடுவர் அவுட் தந்திட்டாரே! வை?"

நானும் விடவில்லை. "அண்ணை, பேசாமல் நிண்டிருக்கலாமே."

"நிண்டு பாத்தனான், கப்டன்," என்றார். "ஏலாமல் கிடந்தது."

பிறகு எங்கள் எல்லோர் முன்னாலும் வந்து நின்றார். அவ்வளவு நாளும் எங்களை வெட்கப்படுத்திய மனிதரின் முகத்தில் அன்றுதான் வெட்கத்தைக் கண்டேன். "பந்து கைக்குள்ளை வந்தது. கைதான் திறந்திட்டுது. சுரேன் மாதிரி ஒரு பெடியனை விட்டுப்போட்டு என்னை நம்பி எடுத்தனீங்கள். உங்கடை ட்ரேட்டை நான் வீணாக்கிப்போட்டன்."

என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அந்த ட்ரேட்டில் அவரை நம்பி எடுத்தவர் யாரும் இல்லை. மைதானத்தில் நின்றவர்களில் எனக்கும் மணியத்துக்கும்தான் அது தெரியும். மணியமும் தன் சப்பாத்தைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார்.

அவர் குழாயடிக்கு முழங்கால் கழுவப் போனபோது மணியம் என்னிடம் வந்தார். வென்றவர் மாதிரி இல்லை. "அண்ணையை அடுத்த வருசத்துக்குத் திரும்பத் தாங்கோவன். சுரேனைத் தாறன். அவரை விட்டது பெடியள் எல்லாருக்கும் ஒரு மாதிரி இருக்கு."

சுரேன். பந்து எறிபவனும் அவன், அடிப்பவனும் அவன். குழாயடியில் தண்ணீர்ச் சத்தம் நின்றது. பவுண்டறி அண்ணை குனிந்தபடியே இருந்தார். கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்தது. உண்மையைச் சொல்கிறேன், நான் உடனே மறுக்கவில்லை. மனம் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தது.

"நோ டீல்," என்றது ஒரு குரல். ஆரன். எறிந்த கையுறையை வேலியடியில் தேடி எடுத்துக்கொண்டு வந்து நின்றான். "அவர் எங்கடை ஆள்."

"ஓம்," என்றேன் நான். ஒரு பொடியன் சொன்ன பிறகு.

பவுண்டறி அண்ணை நிமிர்ந்தார். துவாயால் முகத்தைத் துடைத்தார், கொஞ்சம் அதிகமாகவே துடைத்தார். பிறகு மெல்லக் கேட்டார். "சுரேனுக்குப் பதிலாவே என்னைக் கேட்டவங்கள்?"

"ஓம், அண்ணை."

"தனிச் சுரேனோ? மட்டை ஒண்டும் இல்லாமலோ?"

"தனிச் சுரேன்தான்."

வானில் வரும் வழி முழுக்க அதைத்தான் கதைத்தார். தோற்றவர்கள் என்று பார்ப்பவர்கள் யாரும் சொல்லமாட்டார்கள். சுரேனோ அடுத்த வருடமும் எங்களை அடித்து நொறுக்கினான். அதற்கடுத்த வருடமும்.

இவர் இன்னும் எங்களோடுதான். போன ஞாயிறு ஒரு பந்தைத் துரத்திப் போய் மறுபடி விழுந்து, வலது முழங்காலைப் பெயர்த்துக்கொண்டார். மருத்துவர் ஓய்வெடுக்கச் சொன்னாராம். இவர் வருவேன் என்று நிற்கிறார். இந்த ஞாயிறு மழை பெய்யும் என்று வானிலையில் சொல்கிறார்கள். பெய்யட்டும். அந்த முழங்கால் ஆற இன்னும் ஒரு கிழமை கிடைக்கும்.