மாமனாருக்காகப் போட்ட முள்ளங்கி

கடிதத்தில் புளுகுவது சுலபம். படிக்கிறவருக்கு நம் முகம் தெரியாது. ஆனால் படிக்கிறவர் டிக்கெட் எடுத்துக்கொண்டு நேரில் வந்து நிற்பார் என்பது எனக்கு அந்த வயதில் உறைக்கவில்லை.

எண்பத்து நான்கில் எனக்குக் கல்யாணமாகி ஆறு மாதம். நான் பம்பாயில், சீத்தா கேம்ப்பில், ஒரு தையல் பட்டறையில் காஜா போட்டுக்கொண்டிருந்தேன். மனைவி ரஹ்மத் கடையநல்லூரில் அவள் வாப்பா வீட்டில் இருந்தாள். "சாக்கடை ஓரத்துல குடிவைக்க எம்மவள அனுப்ப மாட்டேன்" என்று மாமனார் ஒரே பிடியாக நின்றார். நானும் சளைக்காமல் எழுதினேன்: "வீட்டு முன்னால் தோட்டம் இருக்கிறது மாமா. முள்ளங்கி போட்டிருக்கிறேன்." (தோட்டம் என்பது வாசலுக்கும் சாக்கடைக்கும் நடுவில் ஒரு பாய் விரிக்கிற இடம். அதில் என் சைக்கிள் நின்றது.)

பதில் வந்தது. "அடுத்த மாசக் கடைசியில் வாரேன். முள்ளங்கியப் பாத்துட்டு மகள அனுப்புறதப் பத்திச் சொல்லுதேன்." மாமனார் தென்காசிச் சந்தையில் காய்கறி வியாபாரி. புளுகியதுதான் புளுகினேன், ரோஜாச் செடி என்று எழுதித் தொலைத்திருக்கக் கூடாதா?

அன்றைக்கே சைக்கிளை நகர்த்திவிட்டு மண்ணைக் கொத்தி விதை போட்டேன். விடியக்காலம் குழாயடியில் வரிசையில் நின்று இரண்டு குடம் பிடிப்பேன். ஒன்று நான் குளிக்க, ஒன்று முள்ளங்கிக்கு. வெள்ளிக்கிழமை தவிர மற்ற நாட்களில் என் குடமும் அதற்குத்தான் போயிற்று. (பட்டறையில் என் பக்கத்து மிஷின்காரர் இடம் மாற்றிக்கொண்டார்.)

இலை தளதளவென்று வந்தது. இருபதாம் நாள் மண்ணை விலக்கிப் பார்த்தால், கீழே நூல் கணக்காக ஒரு வேர்.

அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டு சாந்தாபாய் கொஞ்சம் இலை கேட்டார், பொரியல் செய்ய. நாங்கள் கிள்ளிக் குப்பையில் போடுகிற இலை மராட்டிக்காரர் வீட்டில் விருந்து. எனக்குச் சட்டென்று ஞானம் பிறந்தது. சத்தையெல்லாம் இலையே தின்றால் கிழங்கு எங்கே பெருக்கும்? இலையை வெட்டினால் சத்து கீழே இறங்கித்தானே ஆகவேண்டும்? பட்டறைக் கத்தரியை எடுத்துத் தினமும் வெட்டினேன். "இத்னா மத் காட்டோ பாய்" என்றார் சாந்தாபாய். இவ்வளவு வெட்டாதே என்று அவர் மரியாதைக்குச் சொல்வதாக நினைத்து, இன்னும் ஒரு கட்டு வெட்டிக் கொடுத்தேன்.

மாமனார் வந்தார். பையைக்கூட இறக்கவில்லை. குனிந்து ஒன்றைப் பிடுங்கினார். எலிவால். இன்னொன்றைப் பிடுங்கினார். அந்த எலிக்குப் பிறந்த குட்டியின் வால்.

"இலை எங்க மாப்ளே?"

"நாந்தான் வெட்டுனேன் மாமா."

"எதுக்கு?"

"சத்து கீழ எறங்கட்டும்னு."

முப்பது வருஷம் சந்தையில் இருந்தவர் இப்படி ஒருத்தனைப் பார்த்ததில்லை என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. ரஹ்மத் இனி வரமாட்டாள் என்று எனக்குப் பட்டது. உண்மையைக் கொட்டிவிட்டேன். "தோட்டம்னு எழுதுனது பொய் மாமா. உங்க கடுதாசி வந்த அன்னைக்குத்தான் விதை போட்டேன். அவ இல்லாம இங்க இருக்க முடியல."

அவர் கையிலிருந்த மண்ணைத் தட்டினார்.

"தண்ணிக்கு என்ன செஞ்சீங்க?"

"விடியக்காலம் குழாய்ல நின்னு பிடிச்சு ஊத்துனேன்."

"தெனமுமா?"

"தெனமும்."

பையை இறக்கி வைத்தார். "புத்தி கம்மிதான். பிடிவாதம் இருக்கு, பொழச்சுக்கிடுவீங்க. அவள அனுப்புதேன். ஆனா கத்தரிய அவ கையில குடுத்துருங்க."

ரஹ்மத் அடுத்த மாதமே வந்து சேர்ந்தாள். பத்து வருஷம் கழித்து எனக்கு முடி கொட்ட ஆரம்பித்தபோது ஊரில் ஒரு கல்யாணப் பந்தியில், நாற்பது பேருக்கு முன்னால், மாமனார் என் மண்டையை நிதானமாகப் பார்த்தார். "கவலப்படாதீங்க மாப்ளே. இனி சத்தெல்லாம் கீழ எறங்கும்."

இப்போது முழு வழுக்கை. இன்னும் ஒன்றும் இறங்கியபாடில்லை என்கிறாள் ரஹ்மத்.