குருட்சேத்திரத்தில் பதினோரு மாடுகள்

பென்னாகரத்துப் படுதாக்காரரைப் போல யுத்தத்தை அறிந்தவர் பூலோகத்தில் வேறு யாரும் கிடையாது. அவர் காதால் கேட்ட ஒரே வெடிச்சத்தம் தீபாவளி வெடிச்சத்தம்தான் என்பது வேறு விஷயம்.

நாடகங்களுக்குத் திரைச்சீலையில் படம் எழுதுவது அவர் தொழில். பெயர் என்னவென்று யாரும் கேட்டதில்லை. போரை அவர் படித்தது எங்கள் பக்கத்துக் கொல்லைகளில் நிற்கும் நடுகற்களில். மாடு பிடிக்க வந்தவர்களோடு மோதி மாண்டவர்களுக்கு அந்தக் காலத்தில் நட்ட கற்கள் அவை. ஒரு கையில் வில், ஒரு கையில் கத்தி, உடம்பெல்லாம் அம்பு, பக்கத்தில் இரண்டு மாடு. படுதாக்காரர் கல்லுக்குக் கல் நடந்து, முழம் போட்டு அளந்துகொண்டு வருவார்.

விளைவு, அவர் எழுதிய குருட்சேத்திரத்தில் அர்ச்சுனன் தேருக்கும் கர்ணன் தேருக்கும் நடுவே பதினோரு மாடுகள் நின்றன. நாடகக் கம்பெனி முதலாளி பதறிப்போனார்.

"யோவ், பாரத யுத்தத்துல மாடு எதுக்குய்யா?"

"மாடில்லாத எடத்துல எவனுங்க சண்டைக்குப் போவான்?"

அன்று கர்ணன் செத்ததை ஒருவரும் பார்க்கவில்லை. அந்த மாடுகளில் எது கறவை, எது சினை என்று சபையில் ஒரே தர்க்கம்.

பிறகு ஐரோப்பாவில் யுத்தம் மூண்டது. பட்டாளத்துக்கு ஆள் சேர்க்கும் பலகையை எழுத அவரையே கூப்பிட்டார்கள். துப்பாக்கி, தொப்பி, ஆகாய விமானம் எல்லாம் அச்சு அசல். விமானத்துக்குக் கீழே மூன்று மாடு.

"ஜெர்மன்காரன் மாடு புடிக்கவாய்யா வர்றான்?" என்றார் அதிகாரி.

"அப்ப வேற எதுக்குங்க வர்றான்?"

அதிகாரி விமானத்தைப் பார்த்தார், மாடுகளைப் பார்த்தார். பிறகு மாடுகளை அழிக்கச் சொல்லிவிட்டுப் போனார்.

அந்தப் பலகையைப் பார்த்துத்தான் என் மகன் பட்டாளத்தில் சேர்ந்தான். பர்மாப் பக்கம் போனான். ஐந்து மாதம் கடிதமே இல்லை. சாவுச் செய்தியானால் தந்தியில்தான் வரும் என்பார்கள். வகுப்பில் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருக்கும்போதே எனக்கு நாக்கு நின்றுவிடும். பட்டாள உடுப்பில் அவனைப் பெரிதாக எழுதி மாட்டவேண்டும் என்றாள் என் மனைவி. போட்டோவை எடுத்துக்கொண்டு போனேன். படுதாக்காரர் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"நாடகத்துக்கு எழுதறது வேறங்க வாத்தியாரே. நெசமான ஆளை ஆயுதத்தோட நான் பாத்தது கல்லுலதான். அதுல ஒருத்தனும் உசுரோட இல்லீங்க. தம்பி வூடு வந்து சேரட்டும்."

எனக்கு வந்த கோபத்தில் போட்டோவோடு விடுவிடுவென்று திரும்பினேன். மறுநாளிலிருந்து தினமும் காலையில் அவர் தபாலாபீஸ் வாசலில் நின்றார். பள்ளிக்கூடம் போகும் வழியில் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவேன்.

ஒருநாள் கடைவீதி முழுக்க ஓடி, மூச்சிரைக்கப் பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்தார்.

"கடுதாசிங்க. தந்தி இல்லீங்க, கடுதாசிதான்."

மகன் சுகமாகவே இருந்தான். யுத்தம் முடிந்து ஊருக்கும் வந்துவிட்டான். சந்தைக்குப் போனவன் திரும்பச் சற்றுத் தாமதமானால் இப்போதும் நான் தெருமுனைவரை போய்ப் பார்க்கிறேன்.

தபால்காரர் பின்னால் ஒருநாள் சொன்னார். படுதாக்காரர் தினமும் அவரிடம் கேட்டுக்கொள்வாராம்: "எம் பலகையப் பாத்துட்டுத்தான தம்பி போச்சு. தந்தி கிந்தி வந்தா மொதல்ல எங்கிட்டச் சொல்லுங்க. வாத்தியாருகிட்ட நான் போய்ச் சொல்லிக்கறேன்."

அந்தச் சுமைக்காக அவர் காத்து நின்ற அத்தனை காலையிலும், வேலைவெட்டி இல்லாத மனிதர் என்று நினைத்துக்கொண்டு நான் அவரைக் கடந்துபோனேன்.