ஆம்ப்ளிஃபையருக்குள் பூண்டுத் தோல்

இனி இந்தக் கொடைக்கானலில் ஒருத்தனையும் நம்புவதில்லை என்று சேனாதிபதி முடிவெடுத்தபோது செவ்வாய்க்கிழமை காலை மணி பதினொன்று. ஒருத்தியையும் என்று சேர்த்துக்கொள்ள அவருக்குத் தோன்றவில்லை. அந்த ஒற்றை விகுதியில்தான் மனிதர் கவிழ்ந்தார்.

நாயுடுபுரத்தில் அவர் வீட்டுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட ஓர் அறை உண்டு. கதவுக்கு மேல் 'வால்வே வாழ்வு' என்று பலகை. உலகமே சட்டைப் பைக்குள் அடங்கும் பாட்டுப் பெட்டிக்கு மாறிவிட்ட பிறகும், கண்ணாடி வால்வு சூடாகிச் சிவந்தால்தான் கிதாருக்கு உயிர் என்று நம்பும் கூட்டம் ஒன்று மலைமேல் இருக்கிறது. அவர்களுக்குச் சேனாதிபதி தன் கையாலேயே ஆம்ப்ளிஃபையர் செய்து தருவார். பழுதானால் பிரித்தும் பார்ப்பார்.

அவரிடம் ஒரே ஒரு குறை. ஓர் ஆம்ப்ளிஃபையரைச் சும்மா விடத் தெரியாது. ஆணி ஒன்று கழன்றுவிட்டது என்று கொண்டுவந்தால், ஆணியோடு இரண்டு புதுக் குமிழ்களும் முளைத்துத்தான் திரும்பிப் போகும். ஒரு குமிழுக்குப் 'பனி' என்று பெயர். திருகினால் ஓசை கோக்கர்ஸ் வாக் மூடுபனிக்குள் போய்விட்ட மாதிரி மங்கும். இன்னொன்றுக்குப் 'பாறை'. அதைத் திருகியவர்கள் இரண்டாம் முறை திருகுவதில்லை.

பெயர்தான் சேனாதிபதி. சேனையில் மொத்தம் இரண்டே பேர். அவரும், மனைவி சண்முகசுந்தரியும். கல்யாணமாகிப் பத்தொன்பது வருடமாகச் சுந்தரி சோற்றைப் போட, அவர் கண்டென்சரைப் பற்றிச் சொல்லிக்கொண்டே சாப்பிடுவார். அவளும் "ம்" கொட்டுவாள்.

இனிச் செவ்வாய்க்கிழமை.

சர்ச் பாடகர் குழுவில் கிதார் வாசிக்கும் அருள்தாஸ், போன வாரம் தன் ஆம்ப்ளிஃபையரைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார். சேனாதிபதி செய்து கொடுத்ததுதான்.

"அண்ணே, சுவிட்சைப் போட்டதும் உறுமுது. பின்னாடி காட்டுமாடு நிக்குன்னு நெனச்சு போன ஞாயித்துக்கெழம பாதி சபை எந்திரிச்சு வெளிய ஓடிருச்சு. அடுத்த வாரம் ஞாயிறு ஆலயத் திருவிழா. ஃபாதர் சொல்லிட்டாரு, இன்னொரு தடவ உறுமுனா ஆர்மோனியம் போதும்னு."

சேனாதிபதிக்குச் சுருக்கென்றது. நாளைக்கு மற்றவர்களும் ஆர்மோனியத்துக்குப் போய்விட்டால்? மூன்று நாள் உறுமலோடு மல்லுக்கட்டினார். வால்வை மாற்றினார். கண்டென்சரை மாற்றினார். உறுமல் மட்டும் மாறவில்லை. செவ்வாய்க்கிழமை காலை சுந்தரி வந்து, "என்னங்க, பஜாருக்குப் போயி வெரசா கொத்தமல்லி வாங்கிட்டு வாங்க" என்றாள். எரிச்சலோடு போனார். திரும்பி வந்து சுவிட்சைப் போட்டார்.

உறுமல் இல்லை.

பேரமைதி. வால்வு மட்டும் ஆரஞ்சு நிறத்தில் அவரைப் பார்த்துச் சிரித்தது.

வேறொரு மெக்கானிக்காக இருந்தால் மகிழ்ந்திருப்பான். சேனாதிபதி சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, உள்ளே தேங்கிய கரண்டை வடித்துவிட்டு, பூதக்கண்ணாடியை எடுத்தார். வால்வைச் சூடாக்கும் இரண்டு ஒயர்கள், அவர் வளைய விட்டபடி கிடக்காமல், ஒன்றோடொன்று முறுக்கி, எண்ணெய் வைத்துப் பின்னிய சடைபோல நேர்த்தியாக ஓரமாய்ப் போயின. ஈயம் பற்றவைத்த இடம் புதுசாய் மின்னியது. பக்கத்தில் ஒரு பூண்டுத் தோல்.

யாரோ உள்ளே வந்திருக்கிறான். அவருடைய சர்க்யூட்டைத் திருட வந்தவன். திருடும்போது தெரியாத்தனமாகச் சரிசெய்துவிட்டுப் போயிருக்கிறான்!

அவர் மூளை வேலை செய்தது. சடை பின்னத் தெரிந்தவன். அப்படியென்றால் பெண்பிள்ளை பெற்றவன். பூண்டுத் தோல். அப்படியென்றால் பூண்டோடு புழங்குகிறவன். பக்கத்து வீட்டு வேலுச்சாமி பூண்டு வியாபாரி. அவருக்கு இரண்டு பெண்கள்.

அடுத்த நிமிடம் சேனாதிபதி வேலி ஓரம் நின்றார்.

"வேலுச்சாமி, காலையில எங்க இருந்தீரு?"

"பூண்டு மூட்டையில சாய்ஞ்சு கெடந்தேன். ஏன்?"

"எம்பட்டறைக்குள்ள வந்தீரா?"

"நானா? பல்பு மாத்தவே எங்க வீட்டுல எம்பொண்டாட்டிதான் ஸ்டூல் மேல ஏறுவா. ஒயரப் பாத்தாலே எனக்குக் கால் வெடவெடங்கும்."

"உம்ம பிள்ளைகளுக்குச் சடை யாரு பின்னுறது?"

வேலுச்சாமி அவரை மேலும் கீழும் பார்த்தார். "அண்ணே, ஒடம்புக்கு ஏதும் முடியலையா?"

"கேட்டதுக்குப் பதில்!"

"அதுகளே பின்னிக்கிடுது. எதுக்கும் ஒங்க வீட்டுல ஒரு வார்த்த கேட்டுப் பாருங்களேன்."

"எங்க வீட்டுல யாரு இருக்கா? சுந்தரி மட்டுந்தான்."

வேலுச்சாமிக்கு ஏனோ இருமல் வந்தது. இருமிக்கொண்டே உள்ளே போனார். உள்ளே போன பிறகு அந்த இருமல் சிரிப்பு மாதிரிக் கேட்டது. சேனாதிபதி அதையும் சந்தேகப் பட்டியலில் எழுதினார்.

பட்டியல் புதன்கிழமைக்குள் நீண்டுவிட்டது. பால்காரர் பட்டறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார், எழுதினார். தபால்காரர் திரும்பிப் பார்க்கவில்லை, அதையும் எழுதினார். பார்க்காமல் போகிறவன்தானே எல்லாவற்றையும் முன்பே பார்த்தவன்?

கடைசியில் பொறி வைப்பது என்று தீர்மானித்தார். யாரும் இல்லாத சமயம் அந்தச் சடையை அவிழ்த்து ஒயர்களைப் பழையபடி அலங்கோலமாக்கினார். சுவிட்சைப் போட்டார். காட்டுமாடு திரும்பி வந்தது. திருப்தியாக வீட்டுக்குள் போனார்.

"சுந்தரி, நாளைக்கி வெள்ளனே பெரியகுளம் போறேன். ட்ரான்ஸ்ஃபார்மர் சுத்துறவரப் பாக்கணும். வர சாயந்தரம் ஆகும்."

"போயிட்டு வாங்க. எலுமிச்சஞ்சோறு கட்டித் தாரேன்."

ஒரு கேள்வி இல்லை. இந்தக் குளிரில் எதற்கு என்று முணுமுணுப்பு இல்லை. சேனாதிபதிக்கு லேசாக நெருடியது. ஆனாலும் எலுமிச்சஞ்சோற்றைச் சந்தேகிக்க மனம் வரவில்லை.

வியாழக்கிழமை காலை பெரியகுளம் பஸ் ஏறினார். கண்டக்டர் இராமலிங்கம் தெரிந்தவர்தான். சில்வர் கேஸ்கேட் அருவி வந்ததும் சேனாதிபதி எழுந்து, "நிறுத்துங்க, எறங்கிக்கிறேன்" என்றார்.

"பெரியகுளத்துக்குல்ல டிக்கெட் எடுத்தீங்க?"

"அருவி பாக்கணும்."

"இதே ஊருல பொறந்து வளந்துட்டு இப்பத்தான் பாக்கப் போறீங்களாக்கும்?"

"ஏன், பாக்கக் கூடாதா?" என்று முறைத்துவிட்டு இறங்கினார். ஒரு காய்கறி ஜீப்பில் கேரட் மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து ஊர் திரும்பினார். கம்பளிக் குல்லாவை மூக்கு வரை இழுத்துவிட்டுச் சந்து வழியாகப் பட்டறைக்குள் நுழைந்தார்.

மூலையில் ஒரு பெரிய மரப்பெட்டி. நான்கு ஸ்பீக்கர் பொருத்துவதற்காக அவர் செய்து வைத்தது. ஸ்பீக்கர் இன்னும் வரவில்லை. முன்பக்கம் வலைத்துணி, பின்பலகை சும்மா சாத்தியிருந்தது. சேனாதிபதி உடம்பைச் சுருட்டி உள்ளே புகுந்தார். முழங்கால் இரண்டும் காதுக்குப் பக்கத்தில் வந்தன. துணி வழியே மேசை நன்றாகத் தெரிந்தது. வாடா மவனே, வேலுச்சாமி.

அரை மணி நேரம். கதவு திறந்தது.

சுந்தரி வந்தாள். கையில் முறம், அதில் பாதி உரித்த பூண்டு. முறத்தை மேசைமேல் வைத்தாள். சேலையை இழுத்துச் செருகினாள். அவருடைய மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டாள். சுவிட்சைப் போட்டாள். காட்டுமாடு உறுமியது.

"அட, அவுத்து வச்சிருக்காரு" என்றாள், குழந்தை கொட்டிய அரிசியைப் பார்த்த மாதிரி.

முறத்துப் பூண்டுக்கு அடியிலிருந்து ஒரு மரக்கரண்டி வந்தது. இடது கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, வலது கையில் பிடித்த கரண்டியின் காய்ந்த காம்பால் ஒவ்வொரு ஒயராக மெல்லத் தள்ளினாள். ஒன்றைத் தள்ளினால் உறுமல் ஏறியது. ஒன்றைத் தள்ளினால் இறங்கியது. பிறகு சுவிட்சை அணைத்தாள். பிளக்கைப் பிடுங்கினாள். கண்டென்சரில் கிடந்த கரண்டை வடித்தாள். மீட்டரை வைத்துப் பார்த்தாள். இன்னொரு தடவையும் பார்த்தாள்.

பெட்டிக்குள் சேனாதிபதியின் வாய் திறந்தபடி நின்றது. அணைத்ததும் தொடாதே, உள்ளே கரண்டு ஒளிந்திருக்கும், ஒரு கையைக் கட்டிக்கொள் என்று ரசமும் சோறுமாக அவர் சொன்னதெல்லாம் ஒன்று விடாமல் அங்கே நடந்துகொண்டிருந்தது. அவள் ஒயரைப் பின்னிய வேகத்தில் ஈயம் ஆறுவதற்குள் வேலை முடிந்தது. மறுபடி போட்டாள். பேரமைதி.

அவருக்குக் கோபம் வந்தது. அதற்குப் பின்னாலேயே, கூப்பிடாமல், கொஞ்சம் பெருமையும் வந்தது. பெருமையை வெளியே தள்ளிக் கதவைச் சாத்துவதற்குள் அருள்தாஸ் கிதாரோடு வந்துவிட்டார்.

"அக்கா, அண்ணன் போயாச்சா?"

"போயாச்சு. ஒக்காருங்க."

அருள்தாஸ் ஒரு கீர்த்தனையின் முதல் அடியை வாசித்தார். ஓசை தேன் மாதிரி இறங்கியது. "அருமைக்கா! இந்தப் 'பாறை' குமிழ என்ன பண்ணுனீங்க?"

"குமிழு அப்படியேதான் இருக்கு. அதுக்குப் பின்னாடி ஒயருதான் இல்ல. அவரு திருகிப் பாப்பாருல்ல, மனசு கஷ்டப்படும்."

"எல்லாருக்கும் இப்படித்தான் பண்ணிக் குடுத்தீங்களா?"

"பதினோரு பெட்டி. அவரு சேக்குறதச் சேக்கட்டும். நான் கழட்டுறதக் கழட்டுறேன்."

அருள்தாஸ் சிரித்தார். "போன மாசம் நம்ம கிதார் பிரசாந்த் வீட்டுல அண்ணன் 'பனி'யத் திருகிட்டு, கேட்டியா, எவ்ளோ வித்தியாசம் பாருன்னாரு. நாங்க ரெண்டு பேரும் கண்ண மூடிட்டு, ஆமாண்ணே, குளுருதுன்னோம்."

பெட்டிக்குள் சேனாதிபதிக்கு வேர்த்தது. அன்றைக்கு அவருக்கே குளிர்ந்ததே! சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டாரே!

"பாவம்க்கா, நல்ல மனுசன்."

"தொழில் சுத்தமான கை, அருள். அவரு மாதிரி மொதல்ல இருந்து ஒண்ண உருவாக்க எனக்கு வராது. எங்க நிறுத்தணும்னுதான் அவருக்குத் தெரியல." சுந்தரி முறத்தை எடுத்துக்கொண்டாள். "கெளம்புறதுக்கு முன்னாடி ஒரு சோலி. அந்த மூலையில பெரிய பொட்டி இருக்குல்ல, பின்பலகை ஆடிக்கிட்டே கெடக்கு. எட்டு ஸ்க்ரூவும் போட்டு நல்லா முடுக்கி விட்டுருங்க. எலி கிலி பூந்துரும்."

அருள்தாஸ் திருப்புளியோடு வந்தார். முதல் ஸ்க்ரூ இறங்கியது. இரண்டாவது. மூன்றாவது திருகப்படும்போது பெட்டி பேசியது.

"ஏய்! நாந்தான்!"

அருள்தாஸ் ஓர் அடி எகிறிக் குதித்தார். சுந்தரி அசையவில்லை. ஒரு பூண்டை உரித்தாள்.

"நாந்தான்னா யாரு?"

"சேனாதிபதி!"

"அவரு பெரியகுளம் போயிருக்காரே."

"போகல! தொறக்கச் சொல்லு சுந்தரி, கால் மரத்துப் போச்சு!"

"போகாம பொட்டிக்குள்ள என்ன பண்றீங்க?"

அதற்கு ஒரு கௌரவமான பதிலைச் சேனாதிபதி தேடினார். "பொட்டியோட எதிரொலி எப்படின்னு டெஸ்ட் பண்றேன்."

"எப்படி இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு."

"அப்ப இன்னும் அஞ்சு ஸ்க்ரூதான் அருள், முடுக்குங்க."

"வேண்டாம்! சொல்லிட்டேன்! ஒத்துக்கிட்டேன்!"

"என்னத்த ஒத்துக்கிட்டீங்க?"

"ஒறுமலு எனக்குப் பிடிபடல. நீதான் சரி பண்ணுன."

"இனிமே யாராச்சும் கேக்காம குமிழு வைப்பீங்களா?"

உள்ளே ஒரு கலைஞன் தன் ஆத்மாவோடு போராடும் சத்தம் கேட்டது. திருப்புளி பலகையைத் தொட்டது.

"வைக்க மாட்டேன்!"

வெளியே எடுத்தபோது அவர் கால்கள் இரண்டும் முறுக்கிய ஒயர் மாதிரி இருந்தன. அருள்தாஸ் ஆம்ப்ளிஃபையரை அணைத்துக்கொண்டு, முகத்தைப் பார்க்காமல், "வர்றேன்ணே" என்று ஓடிவிட்டார். சுந்தரி காலை நீவிவிட்டாள். காபி கொடுத்தாள். அவரும் குடித்துவிட்டு, தாழ்ந்த குரலில் கேட்டார்.

"நான் உள்ள இருக்கேன்னு எப்பத் தெரியும்?"

"நீங்க சில்வர் கேஸ்கேட்ல எறங்குனப்பவே. கண்டக்டர் இராமலிங்கம் போன் பண்ணிட்டாரு. ஒவ்வொரு தடவையும் நீங்க எங்க வரைக்கும் போயிருக்கீங்கன்னு அவருதான் சொல்லுவாரு. அவரு மருமகன் கிதார் வாசிக்கிறாருல்ல."

சேனாதிபதி யோசித்தார். பால்காரர், தபால்காரர் இருவரையும் பட்டியலில் எழுதியவர், கண்டக்டரை மட்டும் விட்டிருந்தார்.

"போகட்டும்" என்றார் கடைசியில். "நமக்குள்ள நடந்தது நமக்குள்ளயே இருக்கட்டும். வெளிய இது எம்பட்டறை. மெக்கானிக் நான். எனக்கும் ஒரு மரியாதை இருக்கு."

"ஒங்க மரியாதைய யாரு என்ன செஞ்சா? நீங்கதாங்க மெக்கானிக்" என்றாள் சுந்தரி. அதில் கேலி எதுவும் இருந்த மாதிரி தெரியவில்லை. அதனால் அதையும் கொஞ்சம் சந்தேகப்பட்டார்.

அந்த நேரம் வெளியே ஸ்கூட்டர் நின்றது. பேத்துப்பாறையிலிருந்து ஓர் இளம்பெண், பெயர் நதியா, ஹோட்டல்களில் பாடுகிறவள், ஆம்ப்ளிஃபையரை மடியில் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். சேனாதிபதி குல்லாவைச் சரிசெய்தார். தலையை நிமிர்த்தினார். பலகைக்கு நேர் கீழே போய் நின்றார்.

"வாம்மா. என்ன கோளாறு? தைரியமா சொல்லு. மெக்கானிக் நாந்தான்."

நதியா அவரைப் பார்த்தாள். ஆம்ப்ளிஃபையரை இன்னும் இறுக்கி அணைத்துக்கொண்டாள். பிறகு மிகுந்த மரியாதையோடு சொன்னாள்:

"அவசரமில்லைங்க சார். நீங்க பஜாருக்குப் போயிட்டு மெதுவா வாங்க, நான் வெயிட் பண்றேன்."