ரசலையன் தோட்டத்துப் பனிப்பாறை

குலசேகரத்துக்கு மேலே, காட்டை ஒட்டி ரசலையனின் ரப்பர் தோட்டம், நடுவில் வீடு. காட்டு வழியே கரண்ட் போஸ்ட் நட வனத்துறை விடாது என்பதால் அந்த வீடு கரண்டைக் கண்டதே இல்லை. ஒரே ஒரு ஃபேன் சுற்றினால் போதும் என்று மனைவி லீலாபாய்க்கு இருபது வருட ஆசை. தோட்டத்து ஓடையில் சின்ன டர்பைன் வைத்துக்கொள்ள அனுமதி கேட்டு, ரசலையன் நீர்மின் அலுவலகத்துக்குப் பணிவன்புடன் போனார்.

அங்கே தந்த படிவம் சட்லெஜ் நதியை மனதில் வைத்து அச்சடித்தது. வடக்கே அந்த நதி பனி உருகிப் பெருகும், மலை இடுக்கில் பாயும், சுரங்கத்தில் நுழைந்து டர்பைனைச் சுற்றும். ஆகவே ஏழாவது கட்டம்: பனி உருகும் மாதம்.

"சாரே, இங்க ஏது பனி? மழத்தண்ணியாக்கும்."

"மழைக்குக் கட்டம் இல்ல வோய்," என்றார் அதிகாரி நாராயணபெருமாள். "பனி இல்லன்னா நதி இல்ல. நதியே இல்லன்னா டர்பைன் எதுக்கு?"

கேள்வி நியாயமாகத்தான் இருந்தது. ஓடை நிறைவது ஜூனில் என்பதால் ரசலையன் 'ஜூன்' என்று எழுதிக் கொடுத்தார்.

நேரில் ஆய்வு செய்ய வருவதாகக் கடிதம் வந்தது. பக்கத்துத் தோட்டத்து டெனிஷின் வேனில் ரசலையன் குளச்சலுக்கு ஓடி, மீனுக்குப் போடும் ஐஸ் பத்துப் பாளம் ஏற்றிவந்து ஓடைத் தலைப்பில் அடுக்கினார். நாராயணபெருமாள் ஸ்வெட்டர் போட்டு, வியர்த்து வழிய வந்தார். ஐஸைத் தொட்டுப் பார்த்தார், மோந்தும் பார்த்தார். "மீன்வளம் உண்டு" என்று குறித்துக்கொண்டார்.

உத்தரவு வந்தது. 'தென்னகத்தின் ஒரே பனிப்பாறை இது என்பதால் டர்பைனுக்கு அனுமதி இல்லை. பனி உருகாமல் காக்க, குளிர்சாதன அறை கட்டப்படும்.' அறைக்குக் கரண்ட் வேண்டுமே! காட்டு வழியே போஸ்ட் வந்தது. கம்பி ரசலையன் வீட்டுக் கூரைக்கு மேலேயே போனது.

"சாரே, வீட்டுக்கும் ஒரு கம்பி..."

"நீரு பனியா வோய்?"

ரசலையன் வேட்டியை மடித்துக் கட்டினார். கலெக்டரிடம் உண்மையைப் போட்டு உடைக்கக் கிளம்பினார். ஊரே வழிமறித்தது. களியக்காவிளை எல்லை தாண்டி கேரளத்திலிருந்தும் வண்டி வண்டியாக ஆட்கள் பனி பார்க்க வருகிறார்கள். ஆள் ஏற்றவும் ஐஸ் ஏற்றவும் டெனிஷின் வேனுக்கு ஓய்வே இல்லை.

"அண்ணே, மீன் ஐஸுன்னு வெளிய விட்டிராதீரும். பொழப்பு போயிரும்," என்றான் டெனிஷ். கையோடு அவரையே பனிப்பாறைப் பாதுகாப்புச் சங்கத் தலைவராக்கினார்கள். பொன்னாடை வந்ததும் ரசலையனின் கழுத்து தானாகக் குனிந்தது.

முதல் கூட்டத்தில் ஒரே தீர்மானம்: தலைவர் வீட்டுக்குக் கரண்ட். கரண்டைப் பங்கு போட்டால் பனி உருகிவிடும் என்று எதிர்ப்பு கிளம்பி, தீர்மானம் தோற்றது. எதிர்த்து முதலில் கை தூக்கியவள், வருகிறவர்களுக்கு ஸ்வெட்டர் வாடகைக்கு விடும் லீலாபாய்.