ஓட்டை – ஒன்று

ஓர் இசைக்கருவி இசைக்கருவிதானா என்பதை அரசாங்கம் தீர்மானிக்கும்வரை அது வெறும் சாமான்தான். இந்த எளிய உண்மை தெரியாமலே கண்டிக்குப் பக்கத்துத் திகனயில் சாஹுல் ஹமீது என்பவர் தலை நரைக்கும்வரை வாழ்ந்துவிட்டார். அலுமாரி, கட்டில், கதிரை செய்து விற்பது அவர் தொழில். மனம் மட்டும் பில்லி ஹார்க்னஸ் என்ற வெள்ளைக்காரரிடம் கிடந்தது.

ஹார்க்னஸ் ஒரு ரொக் இசைக்குழுவில் டிரம் அடித்து உலகப் புகழ் பெற்று, அந்தப் புகழ் குறைவதற்குள் செத்தும் போனவர். அவருடைய டிரம் செட்டுகள் மூன்றையும் அச்சு அசலாகச் செய்து முடிப்பதென்று ஹமீது கங்கணம் கட்டிக்கொண்டார். முதல் இரண்டையும் சிரமமில்லாமல் முடித்தார். மூன்றாவதுதான் அவர் உயிரை வாங்கியது. கடைசிக் கச்சேரியில் ஹார்க்னஸ் ஆவேசம் வந்து பெரிய டிரம்மை உதைத்து, முன்பக்கத் தோலில் ஓட்டை போட்டுவிட்டாராம். அந்த ஓட்டையோடுதான் அது அவருடைய ஊர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஹமீது அருங்காட்சியகப் படத்தைப் பெரிதாக்கி, பூதக்கண்ணாடி பிடித்து, ஓட்டையின் ஒவ்வொரு பிசிறையும் அப்படியே வெட்டினார். சிகரட் சுட்ட வடு ஒன்றும் வேண்டியிருந்தது. புகைத்துப் பழக்கமில்லாத மனிதர் அதற்காக ஒரு சிகரட் வாங்கிப் பற்றவைத்து, இரண்டு நாள் இருமினார்.

“எனக்கு ஒரு அலுமாரி செஞ்சு தாங்கண்டு கேட்டு எத்தின வருஷம்” என்றார் மனைவி றமீலா. “செத்துப்போன வெள்ளக்காரனுக்கு ஓட்ட போட மட்டும் நேரம் ஈக்குது.”

ஹமீதின் பாடு வீண்போகவில்லை. ஹார்க்னஸின் ஊரிலுள்ள ரசிகர் சங்கச் செயலாளர், ஹமீது அனுப்பிய படங்களைப் பார்த்துவிட்டு, கண்டிக்கு நேரிலேயே வருவதாகச் சொன்னார். ஓட்டை உட்பட எல்லாம் சரியாக இருந்தால், திகனயில் செய்த செட் அருங்காட்சியகத்தில் அசலுக்குப் பக்கத்திலேயே நிற்கும். ஹமீதுக்குக் கால் நிலத்தில் பாவவில்லை. அப்போதுதான் அவருக்கு அந்த ஆசை வந்தது. இவ்வளவு பெரிய மனிதர் வந்து, பொலிஷ் பண்ணாத கட்டில்களுக்கு நடுவில் நின்றா இதைப் பார்ப்பது? ஒரு கௌரவமான மண்டபம் வேண்டாமா?

கௌரவமான மண்டபம் ஏரிக்கரைப் பக்கத்தில் இருந்தது. இசைக்கருவிப் பாதுகாப்பு மேம்பாட்டு ஒருங்கிணைப்பு அலுவலகத்துக்குச் சொந்தமானது. அந்த அலுவலகத்தில் இசைக்கருவி ஒன்றுகூட இல்லாததால், பாதுகாப்பு எந்தக் குறையுமின்றி நடந்துவந்தது. அடுத்த வாரம் அங்கே ஒரு கண்காட்சியை மந்திரி திறந்து வைக்க இருந்தார். காட்சிக்கு வைக்க எதுவும் அகப்படாமல் அலுவலகம் தவித்துக்கொண்டிருந்தது. ஆனாலும் விதி விதிதான். ஹமீது வாசலில் கொண்டுவந்து இறக்கிய டிரம் செட்டைப் பணிப்பாளர் தியாகராஜா சுற்றி வந்தார்.

“இது உள்நாட்டு வாத்தியமோ, வெளிநாட்டு வாத்தியமோ?”

“வெளிநாட்டுக்காரர்ட மாதிரி, சேர். செஞ்சது திகனயில.”

“அப்ப போலி.”

“போலி இல்ல சேர், பிரதி. போலிண்டா, நான்தான் அசல்ண்டு சொல்லும். இது ஒண்டும் சொல்லாது.”

“அது ஒண்டும் சொல்லாட்டி எங்களுக்கு என்னெண்டு தெரியும்?” என்ற தியாகராஜா, ஓட்டையைக் கண்டதும் இரண்டடி பின்வாங்கினார். “உடைஞ்ச சாமானை அரசாங்கக் கட்டடத்துக்குள்ள எடுக்கேலாது. நாளைக்குக் கணக்காய்வுக்காரர் வந்து, உடைச்சது ஆர் எண்டு கேட்டால் நான் என்ன சொல்லுறது?”

“உடைஞ்சதில்ல சேர். உடைஞ்ச மாதிரி நான் செஞ்சது. முழு செட்டிலயும் அதுக்குத்தான் கூட மெனக்கெட்டேன்.”

“ஓட்டையும் நீங்கள் செய்த பொருள்தானோ?”

“ஓம் சேர்.”

தியாகராஜாவின் முகம் தெளிந்தது. பொருள் என்றால் பதியலாம். கம்பளையிலிருந்து தினமும் ரயிலில் வரும் எழுதுவினைஞர் இராஜேஸ்வரி கர்மசிரத்தையோடு எழுதினார்: பெரிய டிரம் – ஒன்று. சிறிய டிரம் – நான்கு. ஓட்டை – ஒன்று.

“ஓட்டை எந்த நிலைமையில இருக்குன்னு போடுறதுங்க சேர்?”

“நல்ல நிலைமை எண்டு போடுங்கோ, பிள்ளை.”

இவ்வாறாக ஓட்டை அரசாங்கத்தின் பொறுப்பில் வந்தது.

மந்திரி வருகிறார் என்றால் நம் அலுவலகங்கள் முதலில் பெயின்ட் வாளியைத் தூக்கும். மரங்களின் அடிக்கும் பூச்சாடிகளுக்கும் வெள்ளை அடித்தார்கள். வழியில் கிடந்த கற்களையும் விடவில்லை. வாசலில் படுத்திருந்த நாய் நேரகாலத்தோடு எழுந்து போனதால் தப்பியது. மண்டபத்துக்குள் பார்த்தால் ஒரு டிரம் ஓட்டையாக நின்றது. மந்திரி கண்ணில் படலாமா? ஓட்டையை ஒட்டி அடைத்து, மேலே வெள்ளை அடித்தார்கள். சிகரட் வடுவைச் சுரண்டினார்கள். பெரிய டிரம்மைக் காலால் மிதித்து அடிக்க, ஹமீது பாடுபட்டுத் துருப்பிடிக்க வைத்திருந்த மிதிகட்டையைக் கழற்றிப் பழைய இரும்போடு போட்டார்கள்.

திறப்புவிழாக் காலையில் ஹமீது வந்து பார்த்தார். ஓட்டையைக் காணவில்லை. அப்படியே நிலத்தில் உட்கார்ந்துவிட்டார். மறுநாள் செயலாளர் வருகிறார். இத்தனை வருஷப் பாடும் ஒரு வாளி பெயின்டில் போய்விட்டதே என்று அவருக்கு அழுகையே வந்தது.

தியாகராஜாவுக்கு அதைவிடப் பெரிய கவலை. “பொறுப்பெடுத்த சாமான் காணாமற் போட்டுது. விசாரணை வரும். என்ரை பென்சன்!”

“பிளேட் ஒண்டு தாங்க சேர். இருந்த இடத்திலயே வெட்டித் தாரேன்.”

“ஐசே, இப்ப அது நல்ல சாமான். நல்ல சாமானைச் சேதப்படுத்தினால் அது வேறை குற்றம். முறைப்படி கொள்வனவு செய்யவேணும். மூண்டு கடையில விலை கேட்டு, குறைஞ்ச விலைக்கு ஓட்டை வாங்கலாம்.”

இராஜேஸ்வரி உடனே தொலைபேசியை எடுத்தார். சற்று நேரத்தில் திரும்பி வந்தார்.

“ஒரு ஹார்ட்வெயார்காரர் ஓட்டை இருக்குன்னு சொல்றாருங்க சேர். ஆனா வாளியோடதான் குடுப்பாராம்.”

அதைப் பரிசீலிப்பதற்குள் வாகனங்கள் வந்துவிட்டன. மந்திரி இறங்கினார். மாலை போட்டார்கள். நமது மண்ணின் தொன்மைமிக்க மேலைத்தேய மேளங்களைக் காப்பது நம் அனைவரின் தலையாய கடமை என்று மந்திரி பேசினார். முதலாவது ஒலியை அவரே எழுப்ப வேண்டும் என்று பத்திரிகைக்காரர்கள் கேட்டுக்கொண்டார்கள். மந்திரி பெரிய டிரம்முக்கு முன்னால் போய் நின்றார்.

“இதை எதால அடிக்கிறது?”

தியாகராஜா ஹமீதைப் பார்த்தார். ஹமீது, மிதிகட்டை இருந்த வெற்றிடத்தைப் பார்த்தார். அவர் வாழ்க்கையில் பொய் சொன்னவர் அல்ல.

“காலாலதான் சேர்.”

தெரியாது என்று காட்டிக்கொள்வது மந்திரிக்கு அழகல்ல. வெள்ளை வேட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, ஓங்கி ஓர் உதை விட்டார். கால் முழங்கால்வரை உள்ளே போய் அங்கேயே தங்கியது. தியாகராஜா முதலில் கைதட்டினார். பிறகு எல்லாரும் தட்டினார்கள். இரண்டு பேர் பிடித்து இழுத்து மந்திரியை மீட்டார்கள்.

“சேர், ஓட்டை கெடச்சிருச்சுங்க” என்றார் இராஜேஸ்வரி.

மறுநாள் செயலாளர் வந்தார். ஓட்டைக்கு முன்னால் நெடுநேரம் குனிந்து நின்றார். ஓட்டை முன்பு இருந்ததைவிடக் கீழே இருந்தது, பெரிதாகவும் இருந்தது. மறைத்துப் பயனில்லை என்று ஹமீது தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் நடந்ததெல்லாம் சொன்னார். செயலாளர் சிரிக்கத் தொடங்கி, கடைசியில் கதிரையைப் பிடித்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

அவர்கள் ஊரிலும் அதேதானாம். அருங்காட்சியகத்தை மேயர் திறக்க வருகிறார் என்று ஹார்க்னஸின் ஓட்டையை அடைத்துப் பெயின்ட் அடித்தார்களாம். மேயரும் காலால்தான் முதல் ஒலியை எழுப்பினாராம். படத்தில் இருப்பது மேயரின் ஓட்டை. ஹார்க்னஸின் ஓட்டையைப் பார்த்தவர் இப்போது எவருமில்லை.

ஹமீது தலையில் கைவைத்துக்கொண்டார். பூதக்கண்ணாடி வைத்து அவர் பிசிறு பிசிறாக ஆராதித்தது ஒரு மேயரின் சப்பாத்தை. “கவலைப்படாதீர்கள்” என்றார் செயலாளர். “நீங்கள் முதலில் வெட்டியது படத்தைப் பார்த்து வெட்டியது. இது அசல் விழுந்த முறைப்படியே விழுந்திருக்கிறது. இதைத்தான் கொண்டுபோகிறேன்.”

ஹமீதுக்கு உயிர் திரும்பியது. தியாகராஜா குறுக்கே வந்து நின்றார்.

“டிரம்மைத் தாராளமாக் கொண்டு போங்கோ. ஓட்டையை விட்டிட்டுப் போகவேணும். அது மந்திரியின்ரை.”

ஹமீது வாதாடவில்லை. தோலைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோய், அதேபோல இன்னொரு தோலில் அதே ஓட்டையை வெட்டினார். ஒன்றை டிரம்மில் பூட்டிச் செயலாளரிடம் கொடுத்தார். மற்றது அலுவலகச் சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கி, வெள்ளிதோறும் மாலை வாங்குகிறது.

“எத எங்க குடுத்தீங்க?” என்று கேட்டார் றமீலா.

“அதுதான் விளங்குதில்ல. ரெண்டும் அச்சா ஒரே மாதிரி.”

“ரெண்டும் ஓட்டதானே” என்றார் றமீலா. “இனியாவது என்ட அலுமாரியச் செய்ங்க.”

ஹமீது மறுநாளே பலகையை எடுத்து வைத்தார். சீவுளியைக் கையில் எடுத்தபோது கம்பளைப் பக்கத்துப் பாடசாலை அதிபர் பொன்னையா வந்து நின்றார். டிரம்முக்குள் கால் விட்ட மந்திரியின் படம் பத்திரிகையில் வந்த நாளிலிருந்து ஓட்டையில்லாத டிரம்மை எந்தப் பாடசாலை வாத்தியக் குழுவும் தோளில் மாட்டுவதில்லை. சத்தம் கேட்பதில்லைதான். ஆனாலும் பெற்றோர் முன்வரிசையில் நின்று கைதட்டுகிறார்கள்.

“நம்ம பிள்ளைங்களுக்கும் ஒரு டிரம் செஞ்சு குடுங்க, ஹமீது நானா. ஓட்டை முக்கியம்.”

“எந்த அளவில போடணும்? மந்திரி அளவா, மேயர் அளவா?”

“சின்ன பள்ளிக்கூடம்தானே, என் அளவே போதுங்க” என்று பொன்னையா சப்பாத்தைக் கழற்றிக் காலை நீட்டினார்.