விடுமுறை நாளில் எரிந்த உலை

அன்பும் மரியாதையும் நிறைந்த மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமா எழுதிக்கொள்வது. இங்கே உங்கள் மனைவி, உங்கள் அத்தை, நான், பட்டறை எல்லோரும் சௌக்கியம். நீங்கள் சௌக்கியமா என்று நேற்றே தொலைபேசியில் கேட்டாகிவிட்டது. ஆனாலும் கடிதம் என்று எழுதினால் ஒரு தடவை கேட்பதுதான் முறை என்பதால் மறுபடியும் கேட்கிறேன். பேசிச் சொல்லக்கூடியதை ஏன் எழுதுகிறேன் என்றால், தொலைபேசியில் உங்கள் குரல் கேட்டதும் எல்லாவற்றுக்கும் "சரிங்க மாப்பிள்ளை" என்று சொல்லிவிடுகிறேன். சரியில்லாத ஒன்றைச் சொல்ல எனக்குக் காகிதம்தான் தோது.

உங்களுக்குத் தெரிந்ததையே முதலிலிருந்து சொல்கிறேன், வரிசையாக வந்தால்தான் எனக்கு ஓடும். நம் போல்ட்டுகளை வாங்கிக் கப்பலேற்றுகிற கம்பெனி, இனிமேல் டன்னுக்கு எவ்வளவு கரிப்புகை என்று கணக்குக் கொடுத்தால்தான் சரக்கு எடுப்போம் என்று சொல்லிவிட்டது. கணக்கில்லாத சரக்கை அக்கரையில் இறக்க விடமாட்டார்களாம். நம் கணக்கு அவர்கள் சொன்ன அளவுக்குள் வராவிட்டால் ஆர்டர் எதிர்ப் பட்டறைக்குப் போய்விடும், அது போனால் நம்மிடம் பாதிப் பேருக்கு வேலை இருக்காது. கம்பெனியோடு பேசுவதற்கு நீங்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பும்போது, "மாமா, வானிலை ஆபீஸ்ல ஆயுசு பூரா மேகத்தை அளந்தவர் நீங்க, இந்தப் புகையை அளக்க மாட்டீங்களா?" என்றீர்கள். நான் "சரிங்க மாப்பிள்ளை" என்றேன். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

நமக்கு உதவி செய்யக் கம்பெனி அனுப்பிய ஆலோசகர் அம்மா மறுநாளே வந்துவிட்டார். அம்மா என்றால் நம் வீட்டுப் பெண்ணைவிடச் சின்னவர். ஆனால் நான் எழுதி வைத்திருந்த முதல் கணக்கை ஒரு சிரிப்புக்கூடச் சிரிக்காமல் முழுவதும் படித்தார், அந்தப் பொறுமைக்கே நான் அவரை அம்மா என்கிறேன். அதில் நான் ஆட்கள் விடுகிற மூச்சு, டீ அடுப்பு, பட்டறை நாய் எல்லாவற்றையும் சேர்த்திருந்தேன். உங்கள் அத்தையின் பெருமூச்சு பட்டறைவரை கேட்கும் என்பதால் அதற்குத் தனி வரி போட்டிருந்தேன். "ஐயா, மூச்செல்லாம் வேண்டாம். உலைக்குக் கேஸ், மிஷினுக்குக் கரண்ட், வாங்குற இரும்புக் கம்பியோட பழைய புகை, இது போதும்" என்றார். கம்பிக்குப் பழைய புகையா என்று கேட்டேன். "ஆமாய்யா. அது உருகின ஆலையில வந்த புகை அது கூடவே வரும். இங்க நீங்க விடுற புகை போல்ட்டு கூடவே கடல் தாண்டிப் போகும்" என்றார்.

அன்று மத்தியானம் சாப்பிட்டுவிட்டு என் கட்டிலில் வழக்கம்போலச் சுவரில் முதுகைச் சாய்த்துப் படுத்தேன். என் அறையின் கிழக்குச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் உலை, வெதுவெதுவென்று இருக்கும், கண் தானாகச் சொருகும். ஒவ்வொரு போல்ட்டின் தலையிலும் நூல் கட்டி ஒரு சின்ன மேகம் மிதக்கிறது. ஆட்கள் சத்தமில்லாமல் அவற்றைக் கப்பலில் ஏற்றுகிறார்கள். கப்பல் முக்கால்வாசி வெள்ளையாகி, தண்ணீரில் படாமலே போகிறது. அக்கரையில் ஓர் அதிகாரி ஒவ்வொரு மேகத்தையும் தடவிப் பார்த்து, "நீ எங்கே பிறந்தாய்?" என்று விசாரிக்கிறார். எல்லாம் ஒழுங்காகப் பதில் சொல்லின. ஒன்று மட்டும் திரும்பி என்னைப் பார்த்தது. விழித்தபிறகும் எனக்கு அது மனசைவிட்டுப் போகவில்லை, மாப்பிள்ளை.

மழைக்கு லீவு கிடையாது என்று பழகின உடம்பு இது, அதனால் விடுமுறை நாளிலும் போய் கேஸ் மீட்டரைப் பார்த்துக் குறித்துக்கொண்டேன். வேலையே நடக்காத நாளில் மீட்டர் நகர்ந்திருந்தது. கம்மியாக இல்லை, கணக்கை அளவுக்கு வெளியே தள்ளுகிற மாதிரி நகர்ந்திருந்தது. நான் தப்பாகப் பார்த்திருப்பேன் என்றுதான் முதலில் நினைத்தேன், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு அடுத்த விடுமுறையிலும் பார்த்தேன், அப்படியேதான். ஆலோசகர் அம்மா, "ஐயா, எங்கியோ கசியுது, சோப்புத் தண்ணி தடவிப் பாருங்க" என்றார். வீட்டிலிருந்த சோப்பெல்லாம் கரைந்தது, உங்கள் மனைவி பாத்திரம் தேய்க்க ஒன்றும் இல்லை என்று கத்தினாள், நான் ஏணி போட்டுக் குழாய் குழாயாகத் தடவினேன், தடவத் தடவ என் கையிலிருந்து கிளம்பின குமிழிகள் கூரைவரைக்கும் போய் வெயில் விழுகிற இடத்தில் நிறம் நிறமாக நிற்கின்றன, லேத்துக்காரர்கள் மிஷினை நிறுத்திவிட்டு வாயைப் பிளந்து பார்க்கிறார்கள், நானும் ஏணிமேலேயே நின்று எதற்கு ஏறினோம் என்பதை மறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். உங்கள் அத்தை வாசல்படியில் நின்று, "மேகத்தை அளந்தது போதாதுன்னு இப்ப சொந்தமா செய்ய ஆரம்பிச்சிட்டாரு" என்றாள். கசிவு எங்கேயும் இல்லை.

கடைசியில், எதைச் சொன்னாலும் "ஆகட்டும்" என்பதால் நாம் எல்லோரும் ஆகட்டும் என்றே கூப்பிடுகிற நம் உலைக்காரரைப் பிடித்தேன். "ஆகட்டும், லீவு நாள்ல உலை எரியுதா?"

"ஆகட்டும்யா."

"எரியுதான்னு கேட்டேன்யா!"

"சிம்ல இருக்குதுங்க."

"யாரைக் கேட்டு?"

அவர் கூரையைப் பார்த்தார், இல்லாத குமிழியைத் தேடுகிற மாதிரி. "முதலாளி செய்யச் சொன்னாரு. சொல்லக் கூடாதுன்னும் சொன்னாரு. ஒரு லீவு நாள்ல உங்களுக்கு முட்டி பிடிச்சுக்கிட்டு எந்திரிக்க முடியலையாம். மறுநா உலை பத்த வெச்சதும் சரியாப் போச்சாம். அதுலேருந்து, 'பெரியவர் சுவர் ஆறக் கூடாது'ன்னுட்டாரு."

உங்கள் அத்தையிடம் போனேன். "உனக்குத் தெரியுமா?" "பட்டறை நாய்க்கே தெரியும். அதுவும் சுவருக்கு அந்தப் பக்கம்தானே படுக்குது" என்றாள்.

வீட்டோடு மாப்பிள்ளை ஊரில் உண்டு. நான் வீட்டோடு மாமனார். அப்படிப்பட்டவனின் மத்தியானத் தூக்கத்துக்காக ஓர் உலை எரிந்து, அந்தப் புகை போல்ட்டில் ஏறி, கப்பல் ஏறி, ஆர்டருக்கே உலை வைக்கப் பார்த்திருக்கிறது. என் சொந்தப் பிள்ளையாக இருந்தால் திட்டியிருப்பேன். உங்களைத் திட்டவும் முடியவில்லை, நன்றி சொல்லவும் வாய் வரவில்லை. ஆலோசகர் அம்மாவிடம் உள்ளதைச் சொன்னேன். அவர், "எரிஞ்சதுக்குக் காரணம் எழுதி, இனிமே லீவு நாள்ல எரியாதுன்னும் எழுதிக் கொடுங்க. அப்பத்தான் அளவுக்குள்ள வரும்" என்றார். "அருகிலுள்ள குடியிருப்புக்கு வெப்பம் வழங்கியது; பயனாளி: முதியவர் ஒருவர்" என்று எழுதியிருக்கிறேன். என் குறட்டை அயல்நாட்டு ஆபீஸில் பதிவாகப் போகிறது.

ஆனால் எழுதிக் கொடுத்தால் போதாது, நடக்கவும் வேண்டும். நான் இந்த அறையில் இருக்கும்வரை நீங்கள் உலையை ஆறவிட மாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். அதனால் என் தம்பி வீட்டோடு போய்விடுவதாக இருக்கிறேன். அங்கே எனக்கு ஹாலில் சோபா உண்டு, டிவி அணைந்ததும் படுத்துக்கொள்ளலாம். லீவு நாளில் உலையை அணைக்கும்படி நானே ஆகட்டுமிடம் சொல்லிவிட்டேன். அவர் வழக்கமான பதிலைச் சொன்னார். ரயிலுக்கு ஒரு டிக்கெட் மட்டும் நீங்கள் போட்டுக் கொடுத்தால் போதும். உங்கள் அத்தை வரமாட்டாளாம். மறுத்துப் பேசாதீர்கள், பேசினால் சரி என்று சொல்லிவிடுவேன்.

உங்கள் தொழில் தழைக்கட்டும், கையெழுத்து போடுகிற இடத்திலெல்லாம் நல்லதே நடக்கட்டும். வேளைக்குச் சாப்பிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நலம் நாடும்
மாமா

பி.கு.: இன்று லீவு நாள். கடிதத்தை ஒட்டுவதற்கு முன், தம்பி வீட்டுச் சோபாவுக்குப் பழகிக்கொள்ளலாம் என்று, பீரோவை ஆகட்டுமைக் கொண்டு நகர்த்தி, அது இருந்த மேற்குச் சுவரோரம் கட்டிலைப் போட்டுச் சும்மா படுத்துப் பார்த்தேன். கண் சொருகிவிட்டது. மேகங்கள் நூலில்லாமல் போய்க்கொண்டிருந்தன, யாரும் எதுவும் விசாரிக்கவில்லை. விழித்தால் முதுகில் வெதுவெதுப்பு. எனக்கு வந்ததே கோபம், உலையை அணைக்கவில்லையா என்று பட்டறைக்கு ஓடினேன், ஓடினபிறகுதான் இந்த முட்டியோடு ஓடினேன் என்பதே உறைத்தது. உலை சில்லென்று கிடந்தது. மத்தியானம் பூரா மேற்கு வெயில் அந்தச் சுவரில்தான் விழுகிறதாம். "இத்தனை வருஷமா பீரோ சுகமா தூங்கியிருக்கு" என்கிறாள் உங்கள் அத்தை. ஆலோசகர் அம்மாவைக் கூப்பிட்டுக் கேட்டேன், வெயிலுக்குக் கணக்கு இல்லையாம். ஆகையால் டிக்கெட் போட வேண்டாம், மேலே எழுதியதைப் படிக்கவும் வேண்டாம். பீரோவை உலைச் சுவரோரம் வைத்திருக்கிறோம். லீவு நாளில் அதற்குக் குளிருமே என்று நீங்கள் பாவம் பார்த்து உலையை மூட்டிவிடாதீர்கள்.