கூரைக்குக் கீழ என்ன?

போன சனிக்கிழமை எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. குடிபூரலுக்கு ஒரு பரிசு வாங்கோணும்.

பிராங்பேர்ட்டில புது வீடு வாங்கினது யாழினியின்ர அம்மாவும் அப்பாவும். யாழினி நான் கலியாணம் கட்ட நினைக்கிற பிள்ளை. அவவின்ர அப்பா ஓம் எண்டிட்டார். அம்மா, அதுதான் அன்ரி, மட்டும் "பாப்பம்" எண்டு இழுத்துக்கொண்டிருந்தா. அவ சுத்த சைவம். முட்டை போட்ட கேக் கூட அந்த வீட்டு வாசல் தாண்டாது. நான் எங்கையாவது ஒளிச்சு இறைச்சி தின்னுறன் எண்டு அவவுக்கு ஒரு சந்தேகம்.

பூச்சாடி எல்லாரும் குடுப்பினம். நான்தான் பெரிய கெட்டிக்காரன் எல்லோ! சீனக் கடையில ஒற்றை எழுத்து எழுதின சிவப்புத் துணிப்படம் ஒண்டு வாங்கினன்: 家. 'வீடு' எண்டு அர்த்தமாம். குடிபூரலுக்கு வேற என்ன வேணும்?

அன்ரிக்குச் சரியான சந்தோசம். சாமி அறை வாசலுக்கு மேலயே மாட்டச் சொன்னா. நானும் நெஞ்சை நிமித்திக்கொண்டு வடையில கை வைச்சன்.

அப்பதான் யாழினியோட வேலை செய்யிற லின் வந்தா. சீனப் பிள்ளை. படத்தைக் கண்ட சந்தோசத்தில, அந்த எழுத்து எப்பிடிப் பிறந்தது எண்டு ஜெர்மனில விளக்கத் தொடங்கினா. மேல தொப்பி மாதிரி இருக்கிறது கூரையாம். அன்ரி தலையாட்டினா. கீழ இருக்கிறது?

"ஷ்வைன்," எண்டா லின்.

முப்பது வருசமா ஜெர்மனியில இருக்கிற அன்ரிக்கு, ஷ்வைன் எண்டா பன்றி எண்டு ஆரும் சொல்லத் தேவையில்லை.

லின் நிப்பாட்டினாத்தானே! அந்தக் காலத்தில கூரைக்குக் கீழ பன்றி நிண்டாத்தான் அது வீடாம். 'எல்லாரும்' எண்ட சீனச் சொல்லிலயும் இதே எழுத்துத்தான் வருமாம்.

நான் பதட்டத்தில மற்றக் கையாலயும் ஒரு வடையை எடுத்தன். ஜெர்மன்காரருக்குப் பன்றி அதிர்ஷ்டம் எண்டு சொல்லிப் பாத்தன். எடுபடேல்லை. திருமாலே வராகமா வந்தவர்தானே அன்ரி எண்டன்.

"நாங்கள் சைவம், தம்பி."

ஒரு சொல்லில ரெண்டு கதவையும் சாத்திட்டா. என்ர கலியாணம் அதோட சரி எண்டு நினைச்சன்.

அன்ரி படத்தைப் பாத்தா. பிறகு, புதுச் சோஃபாவில ரெண்டு கையிலயும் வடையோட இருந்த என்னைப் பாத்தா.

"சாமி வாசலில வேண்டாம் பிள்ளை, சாப்பாட்டு மேசைக்கு மேல மாட்டு," எண்டா யாழினியிட்ட. "கூரை நாங்கள் போட்டிட்டம். மற்றதை நீ கூட்டிக்கொண்டு வந்திட்டாய்தானே."

அது 'ஓம்'தான் எண்டு யாழினி சொல்லுறா. நான் மிச்ச வடையையும் சாப்பிட்டு முடிச்சன்.